வெள்ளிமலையில் நான் சொன்ன 'போதும்'

பேத்தி ஜெர்மனிக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்து ஏற்பாடு. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கவேண்டுமாம். வீட்டில் ஆளாளுக்கு அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். "அவங்க எது குடுத்தாலும் மொதல்ல வேணாம்னு சொல்லு, அதான் மரியாதை" என்று மருமகள் சொன்னபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"பசிச்சா பசிக்குதுன்னு சொல்லும்மா. வேணும்னா கேட்டு வாங்கித் தின்னு" என்றேன்.

"தாத்தா, நீ பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. உனுக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தாள்.

தெரியும். கள்ளக்குறிச்சியில் சிமென்ட், கம்பி என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். என் கோணல் கையெழுத்துக்காக லாரிகள் காத்து நிற்கும். நாலாம் வகுப்பு முடிக்காதவன் இந்த அளவுக்கு வந்ததே பெரிசு. ஆனால் அந்த நாலாம் வகுப்பு நின்றுபோனது ஒரு புத்திமதியால்.

அந்த வருஷம் அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்ட வெளியூர் கிளம்பினார்கள். என் படிப்பு கெடக்கூடாதென்று, அப்பா புளி உலுக்கப் போய்ப் பழகிய, மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊர் வீடொன்றில் என்னை விட்டார்கள். பள்ளிக்கூடம் அந்த வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. வீட்டுக்காரரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடச் சொல்லிவிட்டு அம்மா என் காதில் ஓதினாள்: "அடுத்தவங்க வூட்ல தட்ட நீட்டிக்கினு நிக்காத. மொத வாட்டி போட்டதுமே போதும்னு சொல்லிடு. அவங்களா அள்ளி வெப்பாங்க, அப்ப சாப்ட்டுக்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். போதும் என்றால்தான் இன்னும் ரெண்டு கரண்டி விழும். அந்த வீட்டில் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அத்தை ஆவி பறக்கச் சாமைச்சோறு போட்டு அவரைக் குழம்பு ஊற்றினாள். "போதும்" என்றேன். பானையை மூடிவிட்டாள். நான் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் இதே கதை. வாத்தியார் கணக்குச் சொல்ல, என் வயிறு அதைவிடச் சத்தமாகக் கத்தும். ஒரு நாள் அத்தை எங்கிருந்தோ நெல்லரிசி வாங்கிவந்து எனக்கு மட்டும் பொங்கிப் போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். என் வாய் பழகிப்போயிருந்தது. "போதும்" என்றேன். அவள் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் மாமா என்னைப் புளி லாரியில் ஏற்றினார். "வாடிப்போயிட்ட தம்பி. உங்க ஊருக்கே போ, ஒடம்பாவது தேறட்டும்." அத்தை ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "சாமைச்சோறுதான். புடிக்கலன்னா வழியில போட்டுடு சாமி."

அம்மாவும் அப்பாவும் இன்னும் திரும்பாததால், கள்ளக்குறிச்சியில் சித்தப்பா என்னை இறக்கிக்கொண்டார். தான் வேலைபார்த்த இரும்புக்கடையிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். என் படிப்பு அதோடு சரி.

இத்தனை கொஞ்சமாகத் தின்றும் சோறு போட மனசில்லாமல் துரத்துகிறார்களே என்று லாரியில் அழுதேன். தான் ஆக்கியது ஒரு பிள்ளையின் தொண்டையில் இறங்கவில்லையே என்று மலைமேல் ஒருத்தி அழுதிருப்பாள் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. புளி மூட்டைமேல் உட்கார்ந்து, முதல் வளைவு திரும்புவதற்குள் பொட்டலத்தைத் தின்று தீர்த்து, இலையையும் நக்கினேன். லாரியை நிறுத்தச் சொல்லி, அந்த வெறும் இலையோடு ஓடிப்போய் "இன்னும் போடுங்க அத்தை" என்று கேட்கலாம் என்பது அந்த வயதில் தோன்றவே இல்லை.