உச்சி மாமாவின் மூத்திரம்

மூத்திரம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அந்தக் கூச்சத்தால்தான் என் அக்கா புருஷன் சாவின் வாசல்வரை போய் வந்தார். எனக்கு அந்தச் சொல்லின் மேல் இனி எந்தக் கூச்சமும் கிடையாது.

மாமா கிரேன் ஓட்டுகிறவர். பெரிய கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒற்றைக் காலில் நிற்குமே, அந்த உயரமான கிரேன். அதன் தலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலையில் ஏணி பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு உச்சி என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. என் பிள்ளைகளுக்கு அவருடைய உண்மையான பெயர் தெரியாது.

அந்தக் கூண்டில் நாற்காலி உண்டு, விசிறி உண்டு, கீழே இருப்பவர்களோடு பேச வாக்கி டாக்கி உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. மற்ற கிரேன்காரர்கள் ஒரு காலி பாட்டிலை வைத்துச் சமாளிப்பார்களாம். மாமா அதற்கு ஒப்பமாட்டார்.

"நாலு பக்கமும் கண்ணாடி. கீழ ஊரே நிக்குது. அங்க உக்காந்து அந்த வேலையைப் பண்ணச் சொல்றியா? தண்ணி குடிச்சாத்தானே வரும். குடிக்காம இருந்துட்டா தீர்ந்துச்சு."

பல வருஷங்கள் இப்படியே ஓட்டினார். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இதை ஒரு சாதனையாக வேறு சொல்லிக்கொள்வார். "நமக்கெல்லாம் அது கன்ட்ரோல்ல இருக்கும்மா" என்பார். கேட்கிறவர்களும் ஆகா என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாள் பூராவும் குனிந்தே கீழே பார்த்துக்கொண்டிருப்பதால் இடுப்பு வலி. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. மிட்டாய் மாதிரி சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

போன மழைக்காலத்தில் காலில் ஒரு இரும்புக் கம்பி கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கால் வீங்கி, காய்ச்சல் கொதித்து, வாந்தியும் எடுக்க ஆரம்பித்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். இருவருமாக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

குறை சொல்லக்கூடாது, காலை நன்றாகத்தான் பார்த்தார்கள். கிருமிக்கு ஊசி, வலிக்கு ஊசி, நரம்பில் மருந்து ஏற்றி ஒரு ஸ்கேன். பெரிய டாக்டர் தினமும் வருவார். போர்வையை விலக்குவார், காலை அமுக்குவார், "வெரி குட், வீக்கம் வத்துது" என்று போய்விடுவார். அந்தக் காலுக்கு மேலே ஒரு மனிதன் படுத்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

கட்டிலுக்கு அடியில் மூத்திரம் பிடிக்க ஒரு பாட்டில் கொடுத்திருந்தார்கள். மாமா அதைத் தொடவில்லை. வார்டு நிறைய ஆட்கள் என்று வெட்கம். நொண்டி நொண்டிக் கழிப்பறைக்குப் போய் வந்தார். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டார். அக்கா விசாரித்தாள்.

"வரல. நமக்குத்தான் அடக்கிப் பழக்கமாச்சே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே எதுவும் இருந்தால்தானே அடக்குவதற்கு! உள்ளே ஊறுவதே நின்றிருந்தது. தன் கட்டுப்பாட்டால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு பெருமையாகப் படுத்திருந்தார் மனுஷன்.

அக்காவுக்குக் கொஞ்சம் பயம் தட்டியது. நர்ஸிடம் சொன்னாள். சொன்ன விதத்தைக் கேளுங்கள். அந்த நர்ஸ் வார்டின் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு கட்டிலாகக் குரல் கொடுப்பாள்.

"யூரின் போச்சா?"

"போச்சு சிஸ்டர்."

"அடுத்த பெட், யூரின் போச்சா?"

"போச்சு சிஸ்டர்."

எங்கள் முறை வந்தபோது அக்கா சொன்னது, "நின்னு போச்சு சிஸ்டர்." அவளுக்குக் குரல் எழும்பாது. அந்த நேரம் பார்த்து மருந்து வண்டி வேறு கடகடவென்று உருண்டு போனது. நர்ஸின் காதில் விழுந்தது 'போச்சு சிஸ்டர்' மட்டும்தான். சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மறுநாளும் இதே கூத்து. அக்கா நிம்மதியாகிவிட்டாள். "நான் சொல்லிட்டேன்டி. அவங்களுக்குத் தெரியும். தெரியாமயா ஆஸ்பத்திரி நடத்துறாங்க?" என்று என் வாயையும் அடைத்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் மாமாவின் முகம் உப்பியிருந்தது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து யாரோ என்பது போல விழித்தார். நான் போட்ட கூச்சலில்தான் ஒரு சின்ன டாக்டர் ஓடி வந்து ரத்தம் எடுத்தார். சேர்த்த அன்றைக்கு எடுத்த ரத்தத்தோடு சரி, நடுவில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன என்றார்.

நான் நர்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

"மூத்திரமே போகாத மனுஷனைப் பாத்து என்ன எழுதி வச்ச?"

"தினமும் கேட்டேனேக்கா. போச்சுன்னுதான் சொன்னாங்க."

"நின்னு போச்சுன்னேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நின்னு போச்சுன்னுதானே சொன்னேன்."

நர்ஸின் முகம் வெளுத்துப்போனது. "இவ்வளவு கட்டிலுக்கும் நான் ஒருத்திதான்கா" என்றாள். அவளை அறைய ஓங்கின கை அப்படியே இறங்கிவிட்டது. அறைய வேண்டியது அவளையா? வார்டுக்கு ஒரே ஒருத்தியை நிறுத்திவிட்டுப் போனவனை அல்லவா? அவன் எந்த மாடியில், எந்தக் குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. போச்சா என்பது ஒரு கேள்வியா? எவ்வளவு போச்சு என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக்கூடாதா?

மாமாவை டயாலிசிஸ் மிஷினில் போட்டார்கள். சிறுநீரக டாக்டரம்மா மட்டும் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"உடம்புல தண்ணி சத்து இல்ல. வருஷக்கணக்கா வலி மாத்திரை. மேல கிருமி, அதுக்கு மேல ஊசி, ஸ்கேன் மருந்து. எல்லாம் சேந்து கிட்னியை ஒரே அடியா அடிச்சிருச்சு. ஆனா செத்துப் போகல, மயங்கிக் கிடக்குது. எழுந்துக்கலாம். எழுந்துக்காமலும் போகலாம். யூரின் வர ஆரம்பிச்சா நல்ல சேதி."

வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மிஷினில் பார்த்தோம். இருதய ஆபரேஷனுக்கு வந்த ஒரு தபால்காரருக்கும் மாமாவுக்கு வந்த அதே கோளாறு, மூத்திரம் திரும்பவே இல்லை. மாமாவுக்கு ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்தவர், ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அந்த மிஷினைத் துடைத்து வேறொருவருக்குப் போட்டார்கள்.

அப்புறம் எங்கள் குடும்பமே மாமாவின் மூத்திரத்துக்காகக் காத்திருந்தது. பிள்ளை பிறப்பதற்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. சித்தப்பா போன் செய்வார், "வந்துச்சா?" அத்தை போன் செய்வாள், "வந்துச்சாம்மா?" கூசிக் கூசிப் பேசுகிற குடும்பம், இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தது. ஒருநாள் மத்தியானம் பாட்டிலின் அடியில் கொஞ்சமே கொஞ்சம் தெரிந்தது. அக்கா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வார்டெல்லாம் காட்டி அழுதாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

மிஷினிலிருந்து இறக்கினார்கள். ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. "பாதி பலம்தான் வந்திருக்கு. வலி மாத்திரையைத் தொடவே கூடாது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிக்கணும். அடக்கக்கூடாது. இன்னொரு அடி விழுந்தா காலம் பூரா மிஷின்தான்" என்றார் டாக்டரம்மா. மாமா பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். தலையாட்டிவிட்டு மறுபடி கிரேன் ஏறினார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு மறுபடி ஏறியிருந்தது. டாக்டரம்மா மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். "குடிச்சா இறங்கணும் டாக்டர். நான் இறங்கினா கிரேன் நிக்கும். கிரேன் நின்னா கீழ அத்தனை பேரும் நிக்கணும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் இதுவரை யார் மேலும் வந்ததில்லை. இந்த மனுஷனைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடென்ன, இவர் திரும்பப் போய்ச் செய்கிற காரியமென்ன!

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். மேஸ்திரி என்னை வெயிலில் நிற்க வைத்தே பேசினார்.

"அவரு ஒருநாளும் இறங்கணும்னு கேட்டதில்லயேம்மா."

"நீங்க ஒருநாளாவது இறங்குறீங்களான்னு கேட்டீங்களா?"

அவர் கையில் இருந்த வாக்கி டாக்கியைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கின சுமையை முதலில் கீழே வைக்கச் சொல்லி, பிறகு கொடுத்தார். அந்த இடத்தில் வாக்கி டாக்கி வைத்திருந்த அத்தனை பேருக்கும் நான் பேசுவது கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும்.

"மாமா, நான்தான். காலையிலருந்து தண்ணி குடிச்சீங்களா?"

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"இல்லம்மா."

"அக்கா குடுத்த தண்ணி அங்கதானே இருக்கு? குடிங்க. குடிச்சிட்டு மூத்திரம் போக இறங்கி வாங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சொல்றேன். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கிருந்து அசைய மாட்டேன்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூண்டின் கதவு திறந்தது. மாமா ஏணியில் காலை வைத்தார். சரியாகாத அந்தக் காலை ஒவ்வொரு படியிலும் தடவித் தடவி வைத்து இறங்கினார்.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கலவை ஊத்தக் காத்திருக்கும்மா. இறுகிடும்."

"இறுகினா வேற கலந்துக்குங்க" என்றேன்.

மாமா தரைக்கு வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. வேலையை நிறுத்திவிட்டு நின்ற அத்தனை பேருக்கும் நடுவே, தலையைக் குனிந்துகொண்டு, கழிப்பறையைப் பார்த்து நடந்தார்.