ஒரு கையில் ஒரு டோக்கன்

குணா அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் ஊரிகம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, நம் 'காலை வண்டி' வாட்ஸப் குழுவில் ஒரு வடையைப் பழித்து எழுதிக்கொண்டிருந்தேன். பங்காருப்பேட்டை வடையில் வருடா வருடம் ஓட்டை பெருத்து உளுந்து சிறுத்து வருகிறது என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. கூடவே பல்லைக் காட்டும் மூன்று மஞ்சள் முகங்களையும் போட்டிருந்தேன். அதற்கு நேர் கீழே பாலகாட் ரேவதி எழுதிய வரி வந்து விழுந்தது: "சாம்பியன் ரீப்ஸ் குணா அண்ணன் விடிகாலை தவறிட்டாரு. மாரடைப்பு. விஜயா அண்ணி இப்பதான் போன் பண்ணாங்க." என் மஞ்சள் முகங்கள் இன்னும் அங்கேயே இளித்துக்கொண்டிருக்கின்றன. அழித்துவிடலாம்தான். ஆனால் பதிவை அழிப்பது அண்ணனுக்குப் பிடிக்காது. "இன்னாபா, எழுதினதை அழிக்கிற? தப்புன்னா பக்கத்துல தப்புன்னு எழுது" என்பார்.

வண்டியில் அவரோடு தோள் உரச நின்று வந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குணசேகரன் இளவயதில் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்தவர். கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை அந்த ஜன்னலில் வாங்கிப் போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடியதும் ஊரில் பாதிப்பேர் செய்ததையே அவரும் செய்தார். காலை வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்குப் போனார். அங்கே இங்கே கம்ப்யூட்டர் தட்டி, கடைசியில் நானும் ரேவதியும் வேலை பார்க்கிற கம்பெனிக்கே வந்து சேர்ந்தார். ரேவதி மென்பொருள் எழுதுவார். அதில் எங்கே ஓட்டை என்று குணா அண்ணன் தேடுவார். ஓட்டையே கிடையாது என்று நான் ஆவணம் எழுதுவேன்.

மாலையில் வீடு சேர்ந்ததும் குழுவில் 'வந்தாச்சு' போடுகிற வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர்தான். ஒரு நாள் நான் பங்காருப்பேட்டையில் வடைக்காக இறங்கி வண்டியைத் தவறவிட்டேன். அது தெரியாத ரேவதி, தன் 'வந்தாச்சு'வோடு என் பெயருக்கும் ஒன்று போட்டுவிட்டார். நல்ல மனசு. அரை மணி நேரத்தில் குணா அண்ணன் சாம்பியன் ரீப்ஸிலிருந்து சைக்கிள் மிதித்து என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "அவன் வந்திருந்தா ஒரு வடைக் கதை போட்டிருப்பான். மொட்டையா வந்தாச்சு போடற ஆளா அவன்?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

"அவரு வரலியே அண்ணே" என்றாளாம் அவள். "குழுவுல வந்துட்டாருன்னு கீதே. எந்த வீட்டுக்கு வந்தாராம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

மறுநாள் காலை வண்டியில் அண்ணன் ரேவதியைத் திட்டவில்லை. "ஒரு கையில ஒரு டோக்கன்தாம்மா வாங்கணும்" என்று மட்டும் ஆரம்பித்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒருத்தன் ரெண்டு டோக்கனை நீட்னான். ஒண்ணு தன்னுது, ஒண்ணு கூட்டாளியுது. அவன் பின்னால வரான், நீ மாட்டுன்னான். நானும் வாங்கி மாட்டிட்டேன். பலகை ரொம்பிடுச்சி. எல்லாரும் மேல வந்தாச்சின்னு சொன்னேன். கீழ வெடி வச்சாங்க."

"அய்யோ, அந்தக் கூட்டாளி?" என்றார் ரேவதி.

"ஒரு மூலையில தூங்கினு இருந்தான். ஆள் மேல வந்துட்டான். ஒரு காது வரல."

நான் சிரித்துவிட்டேன். வண்டியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

இனி ராணுவத்துக்கு வருகிறேன். எல்லைக் கேமராக்களின் படங்களையெல்லாம் ஒரே திரையில் காட்டி, எங்கே அசைவு என்று சொல்லுகிற மென்பொருளை எங்கள் கம்பெனி ராணுவத்துக்குச் செய்துகொடுக்க முன்வந்தது. அந்தக் காலத்தில் ராணுவம் மென்பொருள் வாங்குவது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவெடுத்து, அவன் கல்லூரிக்குப் போகும்போது சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பது போல இருக்கும். இப்போது 'அஜைல்' என்று ஒரு முறை வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை கொஞ்சம் செய்து காட்ட வேண்டும். அவர்கள் போட்டுப் பார்த்து, இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்பார்கள். திருத்திக்கொண்டு அடுத்த தவணைக்குப் போக வேண்டும். தினமும் காலையில் குழுவாக நின்றபடியே கூடிப் பேச வேண்டும் என்பதும் அந்த முறையில் ஒரு விதி. எங்களுக்கு அதில் சிரமமே இல்லை. ஊரிகத்தில் ஏறினால் பெங்களூர்வரை நின்றுகொண்டுதானே போகிறோம்.

முறை நல்ல முறைதான் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு. "இந்தத் தவணை ஒரு கை, அடுத்த தவணை இன்னொரு கைன்னு தைக்கிறீங்க, சரி. ஒரு கை வச்ச சட்டையைப் போட்டுக்கினு அங்க ஒருத்தன் குளிர்ல நிப்பானே, அவனுக்கு இன்னொரு கை இல்லன்னு சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. அதைச் சொல்லாமலிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ராணுவம் கேட்ட அம்சங்களின் அட்டவணை என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் நேராக 'இணங்குகிறது', 'பகுதி இணங்குகிறது', 'இணங்கவில்லை' என்று மூன்று கட்டங்கள் இருக்கும். 'கேமராவின் தொடர்பு அறுந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்' என்பது அதில் ஒரு வரி. அந்த வேலையை ரேவதி இரண்டு தவணை தள்ளி வைத்திருந்தார். எப்படியும் வரத்தானே போகிறது என்று நான் இன்றைக்கே 'இணங்குகிறது' கட்டத்தில் டிக் போட்டேன். பழகிய கை.

சோதனைக்கு மேடும் பள்ளமுமான வெட்டவெளி தேவைப்பட்டது. தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த நம் ஊர் சயனைட் மேட்டை விட்டால் வேறெங்கே போவது? குணா அண்ணன் தன் வீட்டு மொட்டைமாடியிலேயே ஒரு கேமராவை மாட்ட இடம் கொடுத்தார். அதனால் கம்பெனித் திரையில் எல்லைக்குப் பதிலாக சாம்பியன் ரீப்ஸ் ஆடுகள் நடமாடின.

செய்து காட்டுகிற நாள் வந்தது. பெங்களூரில் குளிரூட்டிய அறை, சுவரளவு திரை, அதில் பதினாறு கட்டங்கள். ஒரு கர்னலும் அவருடைய ஆட்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். குணா அண்ணனின் வேலை ஒப்பந்தம் அடுத்த வாரம் முடிய இருந்தது; அதைப் புதுப்பிக்கும் காகிதம் எங்கள் டைரக்டரின் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போகும்போதே டைரக்டர் கன்னடத்தில் அவருக்குச் சொல்லிவைத்தார்: "குணா, இவத்து சும்னெ இரி." இன்றைக்கு ஒரு நாள் சும்மா இருங்கள்.

அண்ணன் சும்மாதான் இருந்தார். டைரக்டர் பேசினார். பதினாறு கட்டங்களிலும் பச்சை விளக்கு, 'அசைவு இல்லை' என்ற எழுத்து. கர்னல் திருப்தியோடு தலையாட்டினார். அப்போது அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"அந்த ஆட்டைப் பாருபா."

"எந்த ஆடு?"

"நம்ம மாடி கேமராவுல. பத்து நிமிஷமா நிக்குது. வாய் அசையல."

"நிக்கட்டுமே அண்ணே."

"ஆடு அசை போடாம இருக்குமா?"

அவர் போனை எடுத்தார். அந்த அறையில் போன் எடுக்கக்கூடாது என்று வாசலிலேயே எழுதியிருந்தது. பாதுகாப்புக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார். அண்ணன் அதற்குள் பேசிவிட்டார். "விஜயா, கரண்ட் கீதா?"

அந்த முனையில் அண்ணியின் குரல் ராணுவத்துக்கே கேட்டது. "எங்க கீது? அப்பவே போச்சி. நீங்க இன்னா, ஆபீஸ் வேலையை விட்டுட்டு இதை விசாரிக்கிறீங்க?"

கர்னல் என்ன விஷயம் என்று கேட்டார். டைரக்டர் சிரித்துக்கொண்டே வேறொரு கட்டத்தைக் காட்டப் போனார். குணா அண்ணன் எழுந்து நின்றார். அந்தக் காகிதம் அவர் கண்முன்னால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கே வந்தது. "சார், அந்தக் கேமரா செத்துப் போச்சு சார். கடைசியா எடுத்த படம் மட்டும் நிக்குது. அது 'நோ மூவ்மென்ட்' இல்ல சார். 'நோ நியூஸ்'."

கர்னல் என் அட்டவணையைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்து, இணங்குகிறது என்று போட்டது யார் என்றார். மேசைமேல் முந்திரி பிஸ்கட் இருந்தது. அதிலிருந்த முந்திரிகளை நான் எண்ண ஆரம்பித்தேன். குணா அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "நாங்க எல்லாருந்தான் சார்" என்றார்.

அன்று மாலை வண்டியில் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் சொன்னார். "அங்க நிக்கிற பையன் திரையைப் பார்ப்பான். ஒண்ணுமில்லன்னு நம்பி வேற பக்கம் திரும்புவான். அவன் டோக்கனை நீ மாட்டிட்டபா."

இரண்டு வாரத்தில் ரேவதி அதைச் சரிசெய்தார். இப்போது தொடர்பு அறுந்தால் கட்டம் கறுப்பாகி, 'செய்தி இல்லை' என்றும், கடைசிப் படம் எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்றும் காட்டும். கர்னல் தானே ஒரு கம்பியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். டைரக்டருக்குச் சால்வை போர்த்தினார்கள். குணா அண்ணனின் காகிதத்தில் மட்டும் கையெழுத்து விழவில்லை.

நான் அவருக்காக டைரக்டரிடம் பேசப் போனேன். ஊரிகத்திலிருந்து கண்டோன்மென்ட்வரை அந்தப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன். நடுவில் கண்ணீர் வருகிற இடம்கூட ஒன்று இருந்தது. அறைக்குள் போனதும் டைரக்டர் "காபி?" என்றார். காபி குடித்தேன். நல்ல காபி. வெளியே வந்துவிட்டேன். இதை நான் குணா அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை. உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலை போனாலும் கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை மனிதர். மாடியில் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பனியனால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சயனைட் தூசி தினமும் படிகிறதாம்.

"இன்னாபா, உன் அட்டவணையில 'தெரியாது'ன்னு ஒரு கட்டம் வச்சியா?"

"இல்லண்ணே. மூணு கட்டந்தான்."

"நாலாவது இல்லாததுதான் உன் வியாதி" என்று சொல்லிவிட்டு, அண்ணியிடம் எனக்கு வடை சுடச் சொன்னார். ஓட்டை சின்னதாகப் போடும்படி தனியாகச் சொல்லியனுப்பினார்.

அடக்கத்துக்கு நம்மில் பெரும்பாலோர் வந்திருந்தோம். சாமியானா விளக்குக்காக யாரோ மாடிக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். ஆபீஸ் திரையில் அந்தக் கட்டம் கறுப்பாகி 'செய்தி இல்லை' என்று காட்டுவதாகத் தனக்குப் போன் வந்ததென்று ரேவதி சொன்னார்.

மாலையில் ஒவ்வொருவராகக் குழுவில் 'வந்தாச்சு' போட்டோம். யாரும் இன்னொருவர் பெயருக்குப் போடவில்லை. கடைசியில் நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், கும்பிடும் கைகளோடு ஒரு வரி போட்டார்: "குணா அண்ணனுக்கும் நானே போட்டுடறேன். வந்தாச்சு."

நல்ல மனசுதான். நான் "ஒரு கையில ஒரு டோக்கன்தாம்பா" என்று எழுதினேன். அப்புறம் அவர் அந்த வரியை அழிக்காமல், கீழே 'தப்பு' என்று எழுதினார். குணா அண்ணனின் கொக்கி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கோடும் ஒரு வார்த்தையும். மறுநாள் ஆபீசில் அடுத்த தவணைக்கான அட்டவணை வந்தது. மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் இழுத்து, தலைப்பில் 'தெரியாது' என்று எழுதி, ஐந்து வரிகளுக்கு நேராக அதில் டிக் போட்டேன். டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து "இதேனு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி?" என்றார்.

வேண்டாம் என்றேன்.