கடைசியாக வந்தவர்களுக்கு முதல் தெரிவு

நான் வேண்டுமென்றே தோற்றவன். அதை மறைக்க இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நாலு ஊர்த் தமிழர்கள் விளையாடிய கூடைப்பந்துப் போட்டியில், என் அணி கடைசி இடத்துக்குப் போகவேண்டும் என்று, நன்றாக எறியக்கூடிய இரண்டு பேரையும் வாங்கில் இருத்திவிட்டு, நாற்பத்தொரு வயதில் முழங்கால் நோவோடு நானே இறங்கி விளையாடினேன்.

அப்போது நான் டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை. மனைவியும் மகனும் இரண்டு மகள்மாரும் யாழ்ப்பாணத்தில். எங்களில் அநேகமானோரின் நிலை அதுதான். கிழமை முழுக்க இயந்திரத்தோடு நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பந்தைத் தட்டுவோம். ஊரில் பாதிரிமார் நடத்திய கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் இருந்ததால் கூடைப்பந்து எங்களுக்குப் புதிதல்ல. தொந்தி வயிறுதான் புதிது.

எங்கள் அணி இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. ஹால் வழுக்குகிறது, பந்தில் காற்றில்லை என்றெல்லாம் சொல்வோம். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல். அப்போது பிரெடெரிசியா அணியின் தலைவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், நூலகத்தில் ஏதோ சஞ்சிகை பார்த்துவிட்டு ஒரு யோசனை கொண்டுவந்தார். அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடும் அணிகளில், கடைசியாக வருகிற அணிக்குத்தான் புதிய ஆட்டக்காரர்களில் முதல் தெரிவாம். நோஞ்சான் அணியும் நாலு வருடத்தில் எழும்பிவிடுமாம். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. டென்மார்க்குக்குப் புதிதாக வருகிறவர் எந்த ஊரில் குடியேறினாலும், எந்த அணிக்கு விளையாடுவது என்பதை இந்த ஆள் தெரிவிலேயே தீர்மானிப்பது என்று ஒப்புக்கொண்டோம்.

அதில் நாங்கள் ஒரு மடைத்தனம் செய்தோம். வந்தவர்களோடு வரப்போகிறவர்களின் பெயரையும் பட்டியலில் சேர்த்தோம். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டால் போதும், பெயர், வயது, உயரம் எல்லாம் கொப்பியில் ஏறிவிடும். ஏனென்றால் அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவியையும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் நடக்கும் என்று நம்பினோம். சிங்களப் பொலிஸையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சிவப்பு விளக்கில் வெறும் தெருவிலும் நிற்கிற டேனிஷ்காரரைப் பார்த்து வந்த நம்பிக்கை அது.

என் மகனுக்குப் பதினாறு வயது. ஆறடி ஓரங்குலம். கல்லூரி அணியில் நடு ஆட்டக்காரன். அவன் பெயர் கொப்பியில் ஏறிய அன்றே நாலு அணிக்கும் வாயூறியது. பிரெடெரிசியாவும் நாங்களும் கடைசி இடத்துக்குச் சமமாக நின்றோம். எங்கள் இரண்டு அணிக்கும் இடையிலான கடைசி ஆட்டத்தில் நாங்கள் வென்றால் என் மகன் அவர்களுக்குப் போய்விடுவான். அதனால்தான் தோற்றேன்.

“மகனுக்காக மானத்தை விக்கிறியளோ அண்ணை?” என்று பிரெடெரிசியாத் தலைவர் பகிடி பண்ணினார்.

“ஓம், வித்துப்போட்டன். நீர் வெண்டிட்டுப் போம்,” என்றேன். அன்று எனக்கு வந்த சந்தோசம் பெரிய சந்தோசம். தகப்பனும் மகனும் ஒரே அணியில் நிற்பதை நினைத்துக்கொண்டே ஹாலைக் கூட்டினேன். அடுத்த கூட்டத்தில் அவனை முதல் ஆளாகத் தெரிவு செய்தேன். கைதட்டினார்கள்.

பிறகு காத்திருந்தோம். கொப்பன்ஹேகனில் இருந்த குடிவரவு அலுவலகத்திலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருங்கள். வரிசை நீளமாக்கும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புரொண்பி ஊர் அணியில் விளையாட வந்த ஒருவர் தன் கடிதத்தைக் காட்டினார். அடுத்தவர் தன்னுடையதை எடுத்தார். அன்று ஒருவரும் பந்தைத் தொடவில்லை. ஹால் வாங்கில் பதினொரு கடிதத்தை வரிசையாக விரித்தோம். எழுத்துக்கெழுத்து ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு. பதினொரு குடும்பத்தின் கோப்பையும் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் மிக இனிமையாகக் கதைத்தார். எனக்கு ஏறிய ஆத்திரம் அந்த இனிமையில்தான். ஏசினால் திருப்பி ஏசலாம். “பொறுத்திருங்கள்” என்று பூப்போலச் சொல்கிறவரை என்ன செய்வது? என் மகன் அங்கே ஆபத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் கத்தினேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். எதில் குறித்தாரோ தெரியாது.

ஊரில் அப்போது இந்திய ஆமிக் காலம். அது முடியப்போகிற நேரத்தில் ஆள்பிடி தொடங்கியது. ஆமியோடு நின்ற இயக்கங்கள் தெருவில், தனிவகுப்பு நடக்கிற ரியூட்டரி வாசலில், பஸ்ஸில் பொடியன்களைப் பிடித்து, தலையை மொட்டையடித்து, துவக்கைக் கையில் கொடுத்தார்கள். மனைவி எழுதினாள்: “உயரமான பிள்ளையளைத்தான் முதல் பிடிக்கிறாங்கள். வயசு கேக்கிறேல்லை. இவன் கூனி நடக்கப் பழகிறான். உங்கடை பேப்பர் எப்ப வரும்?”

அந்தக் கடிதத்தோடு மறுபடி கொப்பன்ஹேகனுக்கு எழுதினேன். ஆலையில் இருந்த தொழிற்சங்கக்காரர் பிழை திருத்தித் தந்தார். மூன்று கிழமையில் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது.

மகனைப் பிடித்தது காலை ஏழரை மணிக்கு, கணக்கு வகுப்புக்குப் போகிற வழியில். கூனி நடந்தும் உயரம் மறையவில்லை. மனைவி ஒவ்வொரு முகாமாகப் போய் வாசலில் நின்றாள். கிழக்குக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். ஆமி கப்பலேறியதும் அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களும் ஓடிவிட்டார்கள். பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. என் மகன் செத்தான் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அனுமதி வந்தது. நாலு பெயர். மகனின் பெயர் இரண்டாவது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அது வரிசையல்ல. நாட்டின் நீதிக்குப் பொறுப்பான அமைச்சரே தமிழரின் கோப்புகளைக் கிடப்பில் போடச் சொன்னாராம். சட்டத்தில் உரிமை என்று எழுதியிருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்றார், ஒரு அலுவலகமே ஓம் என்றது. வேலியே பயிரை மேய்ந்தது. பின்னாளில் விசாரணை நடந்து அரசாங்கமே கவிழ்ந்தது. ஆலையில் டேனிஷ்காரர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கு எதற்கு வாழ்த்து? பிரதமர் வீட்டுக்குப் போனார். என் பிள்ளை எங்கே போனான்?

மனைவி உடனே வரவில்லை. எட்டு மாதம் தேடினாள். பிறகு மகள்மாருக்காக வந்தாள். விமான நிலையத்தில் மூன்று பேர் இறங்கினார்கள். நாலாவது ஆள் எங்கே என்று கேட்காமல் அதிகாரி முத்திரை குத்தினார்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஆள் தெரிவுக் கூட்டம். நாங்கள் மறுபடியும் கடைசி. புதிதாக ஒன்பது பேர் வந்திருந்தார்கள், சுவரோரம் நின்றார்கள். பிரெடெரிசியாத் தலைவர் கொப்பியை வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், நல்லது செய்வதாக நினைத்தே சொன்னார்.

“அண்ணை, முதல் தெரிவு உங்களுக்கு. அதோடை, விதிப்படி பாத்தால், முந்தி நீங்கள் எடுத்த ஆள் வராதபடியால் அதுக்குப் பதிலாயும் ஒராளை எடுக்கலாம்.”

“பதிலாயோ?” என்று எழும்பினேன். “எதுக்குப் பதில்? ஒரு ஆள் வராட்டில் இன்னொராளை எடுக்கிறது விதியோ? ஆர் போட்ட விதி? அங்கை துவக்கோடை நிண்டவன் போட்டதோ, இஞ்சை பேனையோடை இருந்தவன் போட்டதோ?”

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவரில் என்ன பிழை? ஆனால் அன்று என் கைக்கெட்டிய தூரத்தில் அவர்தான் நின்றார்.

“அப்ப ஆரை எழுத அண்ணை?” என்று மெதுவாகக் கேட்டார்.

மகனின் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார், பதினேழு என்றேன். பிடித்தபோது அவ்வளவுதான். உயரத்தை அவரே கேட்காமல் எழுதினார்.

அந்த வருடம், ஐந்து பேர் நிற்கவேண்டிய ஆட்டத்தில் நாலு பேராக இறங்கினோம். எல்லா ஆட்டமும் தோற்றோம். ஐந்தாவது ஆளைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.