சைலன்சரில் களிமண்

பத்து வயதில் உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யாரும் முன்வராததால் நானே எடுத்துக்கொண்டேன்.

காரணம் எங்கள் விஞ்ஞான வாத்தியார். பெற்றோலும் டீசலும் எரிந்த புகை வானத்தில் சேர்கிறது, பூமி சூடாகிறது, துருவத்துப் பனி உருகிக் கடல் ஏறுகிறது, தாழ்ந்த ஊர்கள்தான் முதலில் போகும் என்று சொல்லிவிட்டு, மணியடித்ததும் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். மாரி மழையில், கடலோடு சேரும் மட்டக்களப்பு வாவி எங்கள் வேலியடிக்கே வந்து நின்றது.

தண்ணீரோரம் ஒரு கம்பை நட்டுக் கரியால் கோடு போட்டேன். மறுநாள் கோடு மூழ்கியிருந்தது.

குற்றவாளி எங்கள் முற்றத்திலேயே நின்றான்: மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள். அம்மாவின் தம்பியான அவர் காலையில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிச்சைப் பக்கம் விற்கப் போவார். அவர் கிளம்பினால் புகையில் வேலி தெரியாது. அம்மாவின் அடுப்பும் புகைந்ததுதான். அகப்பைக்குப் பயந்து அதை மன்னித்தேன்.

அன்று பின்னேரம் சைலன்சருக்குள் களிமண்ணும் தேங்காய்த் தும்பும் திணித்து இறுக்கினேன்.

காலையில் மாமா உதைத்தார், உதைத்தார், செருப்பு அறுந்தது.

"என்ன தம்பி, அதுக்கும் உன்னைப்போல சோம்பலா?" என்றாள் அம்மா.

விற்காத மீன் முழுவதும் எங்கள் சட்டிக்கு வந்தது. இரண்டு நாள் மாமா முகம் கறுத்துத் திரிந்தார். நான் களிமண்ணை எடுக்கவில்லை. ஊரா, மாமாவா என்றால் ஊர்தான்.

மூன்றாம் நாள் கோடு வெளியே தெரிந்தது! தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா கையில் களிமண் உருண்டையோடு வந்தார்.

"மருமோன், இது என்ன?"

"மாமா, கடல் வத்திட்டு. வந்து பாருங்க!"

நடந்ததெல்லாம் சொன்னேன். முதலில் காதைத் திருகினார். பிறகு சிரிப்புத் தாங்காமல் அப்படியே குந்திவிட்டார்.

"அடேய், ஆத்துவாய வெட்டி விட்டிருக்காங்கடா. மண்வெட்டி புடிச்சவனுக்குக் கையெல்லாம் கொப்புளம், பேர் உனக்கா?"

வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். காது எரிந்தாலும் நான் நம்பவில்லை. வேலை முடிந்தது என்று கம்பைப் பிடுங்கி எறிந்தேன்.

இப்போது அதே வேலியடியில் மறுபடி ஒரு கம்பு நட்டிருக்கிறேன். என் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, தொந்தியோடு சைக்கிள் மிதிக்கிறேன். ஊர் சிரிக்கிறது, சிரிக்கட்டும், நான் இறங்குவதாக இல்லை. வாவி நிரம்பினால் கடலுக்கு வெட்டிவிடலாம். கடல் நிரம்பினால் எங்கே வெட்டுவது என்று மாமாவிடம் கேட்க, அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.