முனகிக்கினே கீது

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் மெஷின் எப்படி ஓடியது என்று லைன் போர்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் "ஓகே" என்றுதான் இருக்கும். ஒருவர் மட்டும், "காலைலேர்ந்து முனகிக்கினே கீது, அதட்டாம ஓட்டுங்க" என்று எழுதுவார். கலகலப்பான ஆள் என்று நினைத்திருந்தேன்.

நேரில் பார்த்தால் இறுகிய முகம். பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரப் பெண்மணி, எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் போய் ஒருமுறை படித்துப் பார்ப்பார்.

ஒருநாள் சூப்பர்வைசர், "மெஷின் பிராப்ளம்னு போட்டா போதாதாம்மா?" என்றார்.

"அத யார் வோணா எழுதலாம் சார். இத பட்ச்சா நான் எழுதுனதுன்னு தெரியணும்ல" என்றவர், விட்டுப்போன ஒரு புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.

போன வாரம் போர்டில் "ஓகே" என்று எழுதப் போன என் கை நின்றது. "நல்ல பிள்ளையா ஓடிட்டுக் கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்று எழுதினேன். அடுத்த ஷிஃப்ட்காரர் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா திருநெல்வேலி, நீ எழுதுனதா?"

நான் பெயர் போட்டிருக்கவில்லை.