ஜீப் டயருக்கு அடியில் ஒரு பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி வீட்டுக் கார்த்திக் கறிவேப்பிலை கேட்டு வந்தான். ஈரோட்டுக்காரன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இனி ஹோட்டல் சாப்பாடு இல்லை, சொந்தச் சமையல்தான் என்று சபதம் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமாக எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிக்கொண்டு வருகிறது.

வந்தவன் சும்மா வரவில்லை. சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கும் கல்லில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டான். வலி போனதும் குனிந்து பார்த்தான்.

"ஏனுங்க ஆன்ட்டி, இதென்ன கல்லுங்க? நடுவுல பச்சையா மின்னுது?"

"அது ஒரு மினரல்ப்பா."

"பேரு என்னங்க?"

ஹாலில் என் கணவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் அரை அடி உயர்ந்து அவர் முகத்தை மறைத்தது.

"பெரிய கதை. அடுப்பை அணைச்சிட்டு வா, சொல்றேன்" என்றேன். வந்தான், சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பத்தியைப் படித்து என் வீட்டுக் குக்கர் விசில் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், இதை மட்டும் ஏன் விட வேண்டும்?

என் கணவர் ரங்கநாதன் ஜியாலஜிஸ்ட். இப்போது ரிடையர்ட். ஆறேழு வருடங்களுக்கு முன்னால் அரசாங்க லேபில் இருந்தார். கல்லைப் பார்த்தால் கையில் எடுப்பார். எடுத்தால் நக்குவார். அருவருப்பாக இருக்கிறதா? எனக்கும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தது. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறமும் கோடுகளும் சரியாகத் தெரியுமாம். நந்தி மலைக்கு ஹனிமூன் போனபோது எத்தனை கற்களை நக்கினார் என்பதை இங்கே எழுத முடியாது.

அவரை ஃபீல்டுக்கு அழைத்துப் போகும் ஜீப்புக்கு டிரைவர் முனியப்பா. பொம்மனஹள்ளிக்காரர், கன்னடக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் என்று ஒன்று உண்டு. ஆனால் பிடிக்காது. ரிப்பேருக்கு எழுதிப் போட்ட காகிதம் எந்த மேஜையில் படுத்திருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. அதனால் சரிவில் வண்டியை நிறுத்தினால் முனியப்பா முதல் வேலையாகக் குதித்து இறங்கி, அங்கேயே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து டயருக்கு அடியில் வைப்பார். பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் இறங்கலாம்.

சித்ரதுர்கா பக்கம் ஒரு குன்றில் அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். என் கணவர் நாள் முழுக்கக் குன்றைச் சுற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தார். அப்போதுதான் லேசாகத் தூறியது. டயருக்கு அடியில் இருந்த கல் நனைந்து, அதில் ஒரு பச்சைக் கோடு மின்னியது.

"முனியப்பா, அந்தக் கல்லை எடு."

"எடுத்தா வண்டி உருண்டுரும் சார்."

"வேற கல்லு வெச்சுட்டு எடு."

அப்படித்தான் அந்தக் கல் லேபுக்கு வந்தது. மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருக்கும் எந்தக் கனிமத்தோடும் கணக்கு ஒத்துப்போகவில்லை. இரண்டாம் முறையும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் முறை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், மாலைக் காப்பியை இரண்டு மடக்கு குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கோமதி, புதுசுன்னு நினைக்கிறேன். அப்படின்னா நான்தான் பேர் வைக்கணும்."

பெயர் வைப்பதா? எனக்குக் காப்பி புரையேறியது.

கனிமங்களுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் தெரியுமா? சில நிறத்தால். சில கிடைத்த ஊரால். சில பெயர்கள் வெறும் வசவு. ஜெர்மனியில் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் செம்பு என்று நம்பி ஒரு கல்லை வெட்டி உருக்கினார்கள். செம்பு வரவில்லை. குட்டிச்சாத்தான் செய்த வேலை என்று திட்டினார்கள். அந்தத் திட்டுதான் நிக்கல். கோபால்ட்டும் அதே கதை, வேறு குட்டிச்சாத்தான். இன்னொரு கல், பார்ப்பவர்களை எல்லாம் வேறு கல் என்று நம்ப வைத்துக் கழுத்தறுத்தது. அதற்கு 'ஏமாற்றுக்காரன்' என்கிற அர்த்தத்தில் அபடைட் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். இந்த லட்சணத்தில் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் இரண்டு பேருக்கு நானே பெயர் வைக்கலாம்.

மிச்சம் எல்லாம் மனிதர்கள் பெயர். அதற்கு உலக அளவில் ஒரு கமிஷன். கமிஷனுக்குச் சில விதிகள். என் கணவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"கண்டுபிடிச்சவன் தன் பேரையே வெச்சுக்கக் கூடாது. உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கிறதா இருந்தா அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும். அப்புறம்... கமிஷன் ஒத்துக்கிற வரைக்கும் அந்தப் பேரு எங்கேயும் அச்சுல வரக் கூடாது."

கடைசி விதியைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். அப்போதும் நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

"அதனால உங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அன்று நான் தூங்கப் போகும் முன்பு ஒரு கணக்குப் போட்டேன். கேஸ் கனெக்‌ஷன் அவர் பெயரில். டெலிபோன் அவர் பெயரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவர். வாசல் பலகையில் அவர் பெயர், பக்கத்தில் அவர் பட்டங்கள். ஸ்கூட்டர் அவர் பெயரில், ஓட்டுவது நான். இந்தப் பத்திக்கு மேலேகூட என் பெயருக்கு வால் போல ரங்கநாதன் ஒட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பூமியில் ஒரே ஒரு பொருள், என் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, நான் போன பிறகும் இருந்தால் என்ன?

கோமதைட்.

சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆசை வந்துவிட்டது. சின்ன ஆசை இல்லை. சம்மதம் எழுதி வாங்க வேண்டுமே, என்னை யாரும் கேட்கவில்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. உடனே போயும் விட்டது. நாக்பூர் டிரான்ஸ்ஃபரை ஒப்புக்கொண்டபோது கேட்டாரா? அவருடைய அக்காவை நாற்பது நாள் தங்கச் சொன்னபோது கேட்டாரா? மனைவியின் சம்மதம் வீட்டில் எப்போதும் ஸ்டாக் இருக்கும் சாமான் என்று நினைக்கிற ஆள்தானே?

போட்டிக்கு ஆள் இருந்தது. லேப் டைரக்டர் பசவராஜ். அடுத்த வருடம் ரிடையர் ஆகப் போகிறவர். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் முதல் வார்த்தையே, "ஏன்ரீ ரங்கநாதன், ஹேகிதே நம்ம மினரல்?" எப்படி இருக்கிறதாம், நம்ம மினரலாம். என் கணவர் மேஜைக்குச் சுழல் நாற்காலி வந்தது. மெஷினுக்கு மற்றவர்கள் வரிசையில் நிற்க, இவருக்கு முதல் இடம் வந்தது. ஜீப்புக்குப் புது சீட் கவர்கூட வந்தது, மெரூன் நிறத்தில். ஹேண்ட்பிரேக்? அது வரவில்லை.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? வாரத்தில் இரண்டு நாள் வெண்டைக்காய் மோர்க்குழம்பு. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டால் நானே எடுத்துக் காயப் போட்டேன், வாய் திறக்காமல். அக்காவின் நாற்பது நாள் ஐம்பதானது. சிரித்த முகத்தோடு பஜ்ஜி போட்டேன். அவர் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார். ஃபாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியாகிவிட்டது, முடிவு வர மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் சொன்னார். என்ன பெயர்? மூச்சு விடவில்லை.

அதனால் ஒரு ஒற்றனைப் பிடித்தேன்.

காலையில் அவரை ஏற்றிக்கொள்ள முனியப்பா காக்ஸ் டவுனில் எங்கள் வாசலுக்கு வருவார். என் கணவர் குளித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் என்னுடையது. ஸ்ட்ராங்காக ஒரு காப்பி, தட்டில் நாலு கோடுபளே. கர்நாடகத்துக்காரர்களை முறுக்கைவிட இது சீக்கிரம் வசப்படுத்தும் என்பது என் அனுபவம்.

"ஏன் முனியப்பா, சார் அந்தக் கல்லுக்கு என்ன பேர் எழுதி அனுப்பினாராம்?"

"நமக்கு எங்கம்மா இங்கிலீஷ் படிக்க வரும்" என்பார் முனியப்பா, கோடுபளேயைக் கடித்தபடி.

"டைரக்டர் பேரா இருக்குமோ?"

"அதெல்லாம் இருக்காதும்மா. சும்னே பேஜார் பண்ணிக்காதீங்க."

"அப்போ?"

"நம்ப சாரு நியாயஸ்தரும்மா. நியாயமாத்தான் எழுதியிருப்பாரு."

நியாயம் என்றால் வேறு யார்? எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இன்னும் இரண்டு கோடுபளே வைப்பேன். இப்படி எட்டு மாதம். எத்தனை கிலோ அரிசி மாவு என்று கணக்குப் பார்க்கவில்லை.

எட்டாவது மாதம் பதில் வந்தது. அன்று மாலை என் கணவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "புதுசு இல்லையாம்" என்றார். வெளிநாட்டில் ஏற்கெனவே பெயர் வைத்த ஒரு கனிமமாம் இது. கொஞ்சம் கலவை மாறியிருக்கிறதாம். அந்தக் கொஞ்சத்துக்காகத் தனிப் பெயர் கொடுக்க முடியாதாம்.

எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. அவருக்காகப் பாதி, கோமதைட்டுக்காகப் பாதி. தோளைத் தொட்டு, "போகட்டும் விடுங்க" என்றேன். அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் எழுந்து அவசரமாகக் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் அவர் குளித்து நான் பார்த்ததில்லை.

கடிதத்தின் மேலே, 'தாங்கள் முன்மொழிந்த பெயர்' என்கிற இடத்துக்கு எதிரே டைப் அடித்திருந்தது.

முனியப்பைட்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன். "ஏங்க, இது என்ன?"

தண்ணீர்ச் சத்தம். பிறகு குரல் மட்டும். "அந்த மலையில அவன் கல்லு வைக்கலைன்னா வண்டி பள்ளத்துக்குப் போயிருக்கும், கோமதி. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கல்லையும் அவன்தான் எடுத்தான். நான் நக்கினேன், அவ்வளவுதான்."

நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

"எட்டு மாசம் என் மோர்க்குழம்பைச் சாப்பிட்டீங்களே?"

"நீ எதுக்குப் போடறேன்னு சொல்லலையே" என்றது குரல். "அச்சுல வரக் கூடாதுன்னு விதி வேற."

அடுத்துத்தான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருப்பவர் பெயர் என்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும். அப்படியென்றால்... என் ஒற்றன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். முதல் கோடுபளேயிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வெறும் கையோடு வாசலுக்குப் போனேன். "முனியப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. சாரு படிச்சுக் காட்டினாரு. கையெழுத்துப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சாரு சொன்னாரும்மா. அம்மாவுக்குக் கூடவே கூடாதுன்னு தனியா அழுத்திச் சொன்னாரு."

"அப்போ எதுக்குக் கோடுபளே சாப்பிட்டீங்க?"

"வேணாம்னா உங்க மனசு நோவும்ல?"

சண்டை போடத்தான் போனேன். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்தார். அதன் பின்னால் மடித்து வைத்திருந்த ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அந்தச் சம்மதக் கடிதத்தின் ஜெராக்ஸ். லேமினேஷன் செய்திருந்தார். கீழே கன்னடத்தில் அவர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் நிறுத்தி நிதானமாக. வீட்டில் பெண்டாட்டிக்குக்கூடக் காட்டவில்லையாம். சார் விதி என்று சொன்னதால்.

"இனிமே காட்டலாம்ல?" என்று கேட்டார். "பேருதான் இல்லேன்னு ஆயிப்போச்சே."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் பெயர் வாரா வாரம் அச்சில் வருகிறது, வாலோடு வந்தாலும். முப்பது வருடம் அந்த ஜீப்பை ஓட்டியவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலாவது வந்திருக்கிறதா? லாக் புத்தகத்தில்கூட 'டிரைவர்' என்றுதான் எழுதுவார்களாம். உள்ளே போய் டப்பாவில் மிச்சமிருந்த கோடுபளேயை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

என் கணவர் தலை துவட்டியபடி வந்தார். முனியப்பா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், இனிமே லேபுக்கு அந்தக் கல்லு வேணாம்னா குடுத்துருங்க. அது மாதிரி டயருக்கு எதுவும் நிக்க மாட்டேங்குது."

கல் ஜீப்புக்கே திரும்பியது. டைரக்டர் கொடுத்த சுழல் நாற்காலியும் அதே வாரம் வேறு மேஜைக்குத் திரும்பியது. இரண்டு வருடம் கழித்துப் பழைய ஜீப்பை ஏலத்தில் விட்டார்கள். முனியப்பா ரிடையர் ஆகும் நாளில் பஸ் பிடித்து, அந்தக் கல்லை மஞ்சள் பையில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "புது வண்டில ஹேண்ட்பிரேக் புடிக்குதும்மா. இது உங்க வூட்ல இருக்கட்டும்."

கதை முடிந்ததும் கார்த்திக், "அப்போ இதுக்குன்னு தனிப் பேரே இல்லீங்களா?" என்றான். மறுநாள் ஆபீஸில் இன்டர்நெட்டில் வேறு தேடிப் பார்த்திருக்கிறான். முனியப்பா பெயரில் ஒரு கனிமம் எங்குமே இல்லையாம்.

எப்படி இருக்கும்? கமிஷன்தான் தள்ளிவிட்டதே. ஆனால் பாருங்கள், தள்ளிவிட்ட பெயரை அச்சில் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இதோ, போட்டுவிட்டேன். முனியப்பைட். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து பொம்மனஹள்ளிக்கு அனுப்பப் போகிறேன். லேமினேஷன் அவரே செய்துகொள்வார்.

என் விஷயம்? என் கணவர் இன்னும் வாக்கிங் போகிற வழியில் கற்களை நக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் வாக்கிங் பையில், தேதி மட்டும் போடாமல், என் சம்மதக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்.