கொண்டு போய் விடுறோம்

சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். குடியிருந்த ஒற்றை அறையை வீட்டுக்காரர் இடித்துக் கடை கட்டிய பிறகு, பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் படுக்கிறாள். மடியில் எப்போதும் ஒரு பை. யாராவது கேட்டால், "பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்பாள்.

சாயங்காலம் நகராட்சி வேன் வந்தது. இறங்கிய பெண் சின்ன வயது. குரலில் மரியாதை இருந்தது. அக்காவுக்கு முதல் சந்தேகமே அதுதான்.

"தங்குறதுக்கு இடம் தொறந்திருக்கோம்க்கா. கட்டில், தண்ணி, எல்லாம் இருக்கு. ஏறுங்க, கொண்டு போய் விடுறோம்."

விடுறோம் என்றதும் அக்கா பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். போன வருடம் யாரோ பெரிய மனிதர் ஊருக்கு வருவதற்கு முன்பும் இதே வேன் வந்தது. இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்களை ஏற்றிப் போய், மரம்கூட இல்லாத நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டார்கள். பூனையைக் கோணியில் கட்டிக் கொண்டு போய் விடுவதுபோல. சொன்ன சொல் மாறவில்லை. மறுநாள் மதியம் அவள் நடந்தே திரும்பியபோது, முதலாளி குவிந்து கிடந்த பாத்திரங்களைக் காட்டி, "ஊருக்குப் போறதுன்னா சொல்லிட்டுப் போகக் கூடாதா அக்கா?" என்றார்.

"எங்க விடுவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பழைய கிடங்குல."

"யாரு வர்றாங்க ஊருக்கு?"

"யாரும் வரலியேக்கா."

"யாரும் வராமலா எங்களுக்குக் கட்டில் போடுறீங்க?"

பக்கத்து பெஞ்சில் படுத்திருந்த மூட்டை தூக்குகிறவர் கண்ணைத் திறக்கவில்லை. "போய்ப் பாரும்மா. திரும்பி வரலைன்னா உன் பெஞ்ச நான் எடுத்துக்கறேன்."

"அதுக்குத்தானே கண்ண மூடிக்கிட்டுக் கெடக்க."

ஓட்டுநர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். போன வருடமும் அவன்தான்.

"நான் ஏற மாட்டேன். நடந்து வரேன், நீங்க முன்னாடி போங்க."

வேன் மெதுவாக முன்னால் போனது. அந்தப் பெண் அதில் ஏறாமல் அக்காவோடு நடந்தாள். அதையும் அக்கா நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிடங்கில் புதுச் சுண்ணாம்பு வாசனை. கட்டில்கள் உண்மையாகவே இருந்தன. அவற்றை விட்டுவிட்டு அக்கா கதவைப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வெளிப்பக்கம் அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

"இது எதுக்கு?"

"பகல்ல பூட்டிட்டுப் போறதுக்குக்கா."

"பகல்ல பூட்டுற கை ராத்திரில பூட்டாதா?"

அந்தப் பெண் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் வேனுக்குப் போய்த் திருப்புளியோடு வந்தான்.

"அன்னிக்கு என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. வண்டிய எடுன்னாங்க, எடுத்தேன்."

"நீ கேட்டியா?"

அவன் குனிந்து வெளித் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். கடைசியும் கழன்றதும் அக்கா கையை நீட்டினாள்.

"குடு. இல்லைன்னா நான் கண்ணசந்ததும் திரும்ப மாட்டிடுவீங்க."

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அக்கா தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவோரக் கட்டிலின் நுனியில், செருப்போடு உட்கார்ந்தாள்.

"படுங்கக்கா."

"நீ மொதல்ல கிளம்பு."